சித்தாள் கையில் கொத்துக் கரண்டி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் வீடு-மனைப் பகுதியில், கோவை, திருப்பூர், ஈரோடு எங்கும் கொத்து வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கட்டுநர்கள் புலம்பியிருந்தார்கள். பெருந்துறைப் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் எடுத்துக் கட்டுகிறவன் நான். புலம்பல் உண்மைதான். ஆனால் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் ஏஜென்ட் வைத்து ஆள் பிடிக்கிற நாம், நம் சைட்டிலேயே வருடக்கணக்காகக் கலவை சுமக்கிற பெண்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கையாளாக வரும் பையன் மூன்று நான்கு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனோடு வேலைக்கு வந்த பெண் பேத்தி எடுத்த பிறகும் சித்தாள்தான். கூலி, எங்கள் பக்கம், கொத்தனார் வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பெண்களுக்கு வேலை தெரியாது என்பதெல்லாம் சும்மா பேச்சு. போன மாதம் ஒரு வீட்டில் கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். மிச்சக் கலவை இறுகிப் போகுமே என்று, அந்தியூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அக்கா சமையல் மேடைச் சுவருக்கு இரண்டு வரி செங்கல் வைத்துவிட்டார். ரசமட்டம் வைத்தேன், தூக்குக்குண்டும் விட்டுப் பார்த்தேன். நூலளவு பிசகவில்லை. "மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடாதீங்க, வைவாருங்க" என்றார்.

வாளையாறு தாண்டினால் கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் குழு அமைப்பு பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கி, வீடு கட்டும் குழுக்களே வைத்திருக்கிறது. ஜார்கண்டில் கழிப்பறைத் திட்டத்துக்காகப் கொத்து வேலை பழக்கிய பெண்களை 'ராணி மிஸ்திரி', அதாவது ராணிக் கொத்தனார், என்கிறார்கள். அந்த மாநிலத்து ஆண்கள்தான் இங்கே நமக்குச் சுவர் எழுப்புகிறார்கள்!

பெண்கள் இந்தத் தொழிலில் நிலைக்க வேண்டுமென்றால் முதலில் சைட்டில் கழிப்பறை வேண்டும். சித்திரை வெயிலில் அவர்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வது எதனால் என்று எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்வார். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே கழிப்பறை கட்டாயம் என்று எழுதினார்கள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆனால் பெரிய அடுக்குமாடி சைட்டில்கூட ஒவ்வொரு மேஸ்திரியும் ஆறேழு பேராகக் கூட்டி வருவார். அவரவர் ஆள் கணக்கு நோட்டு தனி. எந்த நோட்டில் 50 தாண்டும்? பிள்ளைகள் மணல் குவியலிலும் கம்பிக் கட்டுக்குப் பக்கத்திலும் விளையாடிக்கொண்டிருக்கும்.

சமூகப் பொறுப்பு என்றால் நம்மவர்களுக்குப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்து ஃபிளெக்ஸ் வைப்பது. அது நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குத்தான். என்னைப் போன்றவர்கள் அதில் வரமாட்டோம். அந்தப் பெரிய கம்பெனிகளும் தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஆக, சைட் கழிப்பறை தர்மக் கணக்கில் வராது. சிமென்ட், கம்பியோடு எஸ்டிமேட்டில் எழுத வேண்டிய செலவு அது. வீடு கட்டுகிறவர்களும் "இது எதுக்குங்க?" என்று அந்த வரியை அடிக்காமல் இருந்தால் நல்லது. என்னிடமே அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் பயிற்சி. கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. வாரியமும் கட்டுநர் சங்கங்களும் சேர்ந்து ஈரோட்டிலோ திருப்பூரிலோ பெண்களுக்கென்று கொத்து, பூச்சு, டைல்ஸ் வகுப்பு நடத்தலாம். ஆனால் சும்மா கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை வாங்கும் கூலியில் ஒரு நாள் குறைந்தாலும் அந்த வாரம் வீட்டில் இடிக்கும். வகுப்பு நாளுக்கும் கூலி கொடுத்தே ஆக வேண்டும். அப்படி ஒன்று தொடங்கினால் நான் மூன்று பேரை அனுப்புகிறேன், அன்றைய கூலி என் பொறுப்பு. மேஸ்திரியிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட ஒப்பந்ததாரர்,
பெருந்துறை