பாறை தண்ணீர் குடிக்கும்: பெட்ரோலியப் பொறியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஊடுருவுதிறன் (திரவத்தைத் தன் வழியே ஓடவிடும் தன்மை, அளவு மில்லிடார்சி) ஒன்றிரண்டு மில்லிடார்சியே உள்ள, அதாவது தண்ணீர் எளிதில் ஓடாத பாறையில் தண்ணீர் செலுத்தினால் எண்ணெய் வருமா? "தண்ணியே உள்ள போகாது சார்" என்பார்கள். கொஞ்சம் விவரமானவர், "பிரஷரைக் கூட்டணும்" என்பார். நான்கு மூலையில் தண்ணீர்க் கிணறு, நடுவில் எண்ணெய்க் கிணறு என்று நீங்கள் போட்ட படம் அப்படிப் பதிந்திருக்கிறது. தண்ணீர் என்றால் எண்ணெயைத் தள்ளுவது, அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கு முன்னால் எகோஃபிஸ்கைச் சொல்லிக்கொடுங்கள். நார்வே பக்க வட கடலில் 1969-இல் கண்டறிந்த எண்ணெய் வயல். எண்ணெய் இருப்பது சாக் எனும் மென்மையான சுண்ணப்பாறையில் (நம் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அது வேறு கதை). பாறையில் 30, 40 சதவீதம் வரை நுண்துளைதான். ஆனாலும் ஊடுருவுதிறன் சில மில்லிடார்சிதான். போதாததற்கு ஏகப்பட்ட வெடிப்புகள். விட்ட தண்ணீர் வெடிப்பு வழியே ஓடி அடுத்த கிணற்றில் தலைகாட்டிவிடும் என்று யாருக்கும் பயம் வரும்.

கொத்தனார் காய்ந்த செங்கல்லைத் தொட்டியில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சொய்யென்று குமிழி கிளம்பும். யாரும் அழுத்தவில்லை, செங்கல் தண்ணீரைக் குடிக்கிறது, காற்று வெளியே வருகிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் எகோஃபிஸ்க். வெடிப்பில் ஓடிய தண்ணீரைப் பாறை உறிஞ்சி, எண்ணெயை வெடிப்புக்குள் விட்டது. 1981-இல் சோதித்து, 1987-இல் பெரிய அளவில் தொடங்கினார்கள். இருக்கும் எண்ணெயில் 17 சதவீதம்தான் எடுக்கலாம் என்று முதலில் கணக்கிட்ட வயலில் இன்று 50-க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கடல் நடுவே நின்ற, எண்ணெய் சேமிக்கும் கான்கிரீட் தொட்டியின் அலைதடுப்புச் சுவரில் வரிசை வரிசையாக ஓட்டைகள் உண்டு. 1984-இல் எண்ணிப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே சில வரிசைகளைக் காணோம்! எண்ணெய் எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து, மேல்பாரத்தில் பாறை நசுங்கி, கடல்தளமே இறங்கியிருந்தது. 1987-இல் பிளாட்ஃபாரங்களை, அதாவது கடலில் கால் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடைகளை, 6 மீட்டர் தூக்கி நிறுத்தினார்கள். தண்ணீர் செலுத்தத் தொடங்கியும் இறக்கம் சட்டென்று நிற்கவில்லை. எண்ணெயை வெளியேற்றிய அதே கடல்நீர் சாக்கின் வலுவையும் குறைத்தது.

ஆய்வகத்தில் கோர் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டு) இல்லையென்றால் செங்கல் துண்டு போதும். மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவைத்து, தண்ணீருக்குள் போட்டு, மேலே மிதந்து வருவதை நாளுக்கு எத்தனை மில்லி என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். அழுத்தமானியை அன்றைக்கு மேசையில் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் ஒருவன்