நீச்சல் தெரியாதவர் காப்பாற்றிய 873 பேர்

பாலாற்றங்கரை ஊராட்சித் தலைவர்களுக்கு,

வணக்கம். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது எங்கள் ஊரில் முதலில் தட்டியது என் மாமா வீட்டுக் கதவைத்தான். கிணற்றில் விழுந்தது குடமோ ஆடோ ஆளோ, அவர்தான் இறங்குவார். அன்றைக்கும் லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் தாம்புக் கயிற்றோடு இறங்கினார். அக்கரைக் கழனிக் கொட்டகையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை மீட்டு வந்தார். இரண்டாவது ஆளோடு திரும்பும்போது, மணல் அள்ளிய பள்ளத்தில் சுழல் இழுத்துவிட்டது. கரையில் கயிறு பிடித்திருந்தவர்கள் விடாமல் இழுத்ததால் பிழைத்தார். அப்புறம் ஒரு சால்வை, ஒரு போட்டோ. அந்தச் சால்வையைப் பார்த்தால் அத்தைக்கு இன்னும் கோபம் வருகிறது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் குரோமர் என்று ஒரு சிற்றூர். அங்கே நண்டு பிடித்துப் பிழைத்தவர் ஹென்றி பிளாக். கோடையில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுவார். 1894இல், 18 வயதில், உயிர்மீட்புப் படகில் சேர்ந்து 53 வருடம் இருந்தார். 387 முறை புறப்பட்டுப் போய் 873 பேரைக் காப்பாற்றினார்கள். மூன்று தங்கப் பதக்கம் வாங்கியவர். அவருக்கு நீச்சல் தெரியாது என்கிறார்கள்!

அவர் நம்பியது மிதவைச் சட்டையையும் படகையும் கூட இருந்த ஆட்களையும்தான். 1941 அக்டோபரில், 65 வயதில், ஒரு அலை அவரையும் சேர்த்து ஐந்து பேரைப் படகிலிருந்து வாரிக்கொண்டு போனது. மற்றவர்கள் இழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் பிழைக்கவில்லை.

நாமோ நன்றாக நீந்துகிற ஒருவனைத் தேடிப் பிடித்து, வெறும் உடம்போடு அனுப்புகிறோம்.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியனே இருக்கிறது, சரி. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை ஊர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? ஊருக்கு நாலு மிதவைச் சட்டை, ஒரு தடிமனான நைலான் கயிறு, இரண்டு லாரி டியூப் வாங்கி வையுங்கள். பூட்டி வைத்துவிட்டுச் சாவியை வேலூரில் குடியிருக்கும் எழுத்தரிடம் கொடுக்காதீர்கள். ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களில் இளவட்டங்களைக் கூட்டிப்போய் எந்தப் பள்ளம் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தபின் எல்லா இடமும் ஒரே மட்டமாகத்தான் தெரியும்.

பள்ளம் காட்ட மாமா வருவார், கேட்டுவிட்டேன். சட்டை வாங்கும்போது ஒன்று பெரிய சைஸாக இருக்கட்டும். அவருக்கு இப்போது தொப்பை.