எஸ்.ஓ.எஸ். என்றால் என்ன, டீன் ஐயா?

மதிப்பிற்குரிய மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு அனுப்பும்போது எதையும் புரியும்படி சொல்வதில்லை என்று போன வாரம் இதய நோய் வார்டு வாசலில் நான் சத்தம் போட்டது உங்கள் காதுக்கு வந்திருக்கும். சத்தம் போட்டதற்கு வருந்துகிறேன். சொன்ன விஷயத்துக்கு வருந்தவில்லை.

முதலில் நன்றி. அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை விழுங்கவைத்து 108-ல் ஏற்றினார்கள். உங்கள் டாக்டர்கள் நடுராத்திரியில், அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் கைக்காசு போகவில்லை. இதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

குறையெல்லாம் ஐந்தாம் நாள் ஆரம்பித்தது. ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு, ஒரு பை மாத்திரை, "அடுத்த மாசம் ஓ.பி.க்கு வாங்க." அவ்வளவுதான். சீட்டு முழுக்க இங்கிலீஷ். அப்பா டெய்லர், ஐந்தாவது வரை படித்தவர். நான் பி.காம்., எனக்கும் பாதி புரியவில்லை. சார்பிட்ரேட் மாத்திரைக்கு நேரே வேளை எதுவும் இல்லை, 'எஸ்.ஓ.எஸ்.' என்று மட்டும் இருந்தது. வேளை போடாததால் அவசரமில்லாத மாத்திரை போலிருக்கிறது என்று அம்மா அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். எஸ்.ஓ.எஸ். என்றால் 'தேவைப்படும்போது' என்று அர்த்தம், நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது அது என்று இரண்டாவது மாரடைப்புக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அப்பாவுக்கு இருந்தது ஒரே கேள்வி: தையல் மெஷினை மிதிக்கலாமா? அதைக் கேட்க ஓ.பி.யில் மூன்று மணி நேரம் நின்றோம். "ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. மெஷினைப் பழைய வேட்டியால் மூடிவிட்டு மூன்று மாதம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தெருமுனை வரை போனாலே அம்மா பின்னால் ஓடுவார். கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுவதும் வைத்தியம்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பீடியைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் அது பாட்டுக்கு நடந்தது.

அப்புறம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையால்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை. அப்பா க்ளோபிடோக்ரலை நிறுத்திவிட்டார், சுகாதார நிலையத்தில் அவர் உயிரைப் பிடித்து வைத்த அதே மாத்திரையை. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் அதைப் பொதுவாக ஒரு வருஷம் சாப்பிட வேண்டும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். இந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கிடைக்காமல் போனது. மூன்றே வாரத்தில் மறுபடி உங்கள் வார்டில் இருந்தோம். "யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்துனீங்க?" என்று டியூட்டி டாக்டர் அதட்டினார். நான் சத்தம் போட்டது அப்போதுதான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை ஐயா. டிஸ்சார்ஜ் அன்று பதினைந்து நிமிடம். நோயாளியையும் வீட்டில் சமைப்பவரையும் உட்காரவைத்து ஒரு நர்ஸ் பேச வேண்டும். பேசியதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

வார்டுச் சுவரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' போஸ்டர் பளபளவென்று இருக்கிறது. 8 கிலோமீட்டர் நடைபாதையாம். நல்லது. அதன் அடியில் படுத்திருப்பவருக்குக் கக்கூஸ் வரை நடக்கலாமா என்று தெரியவில்லை. போஸ்டர் அடிக்கக் காசு இருக்கிறது, ஒரு தாள் ஜெராக்ஸ் எடுக்க... சரி, கோபத்தில் எங்கோ போகிறேன், மன்னிக்கவும். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஒரே நர்ஸ் வார்டு முழுவதும் ஓடுவதை நாள்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: பதினைந்து நிமிடம், தமிழில் ஒரு தாள்.

வரும் செவ்வாய்க்கிழமை அப்பாவை டிஸ்சார்ஜ் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவையும் அழைத்து வருகிறேன். மெஷினை மிதிக்கலாமா என்று அப்பா மறுபடி கேட்பார். எப்போதிலிருந்து, எவ்வளவு நேரம் என்று யாராவது அவருக்குச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்காரரின் மகன்