என்ன டெஸ்ட் போடுவது என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகள் எம்.டி. இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டாள் என்பதைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் தீசிஸுக்குப் புள்ளியியல் உதவி கேட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

சரி, அவள் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை கொடுத்து, முன்பும் மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கப் போகிறாள். இந்த இரண்டு அளவையும் ஒப்பிட என்ன புள்ளியியல் டெஸ்ட் போடுவது என்று கேட்டிருந்தாய். பெயர்ட் டி-டெஸ்ட், அதாவது ஒரே ஆளின் இரண்டு அளவுகளை ஜோடியாக வைத்து ஒப்பிடும் டெஸ்ட். ஆனால் பதிலைவிடக் காரணம் அவளுக்கு முக்கியம்.

டி-டெஸ்டைக் கண்டுபிடித்த காசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, தூக்க மருந்துகள் பற்றியது. பத்து நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்தையும் கொடுத்து, எத்தனை மணி நேரம் தூக்கம் கூடியது என்று பார்த்த கணக்கு. முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி, இரண்டாவதில் 2.33 மணி.

இதையே இருபது தனித்தனி ஆட்கள் என்று நினைத்து சாதாரண டி-டெஸ்ட் போட்டால் பி-வேல்யூ 0.08 பக்கம் வரும். மருந்துகளுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லையென்றாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தெரிய உள்ள வாய்ப்பு அது; வழக்கமாக 0.05க்குக் கீழே வந்தால்தான் ஏற்பார்கள். வித்தியாசம் உறுதியாகவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். அதே எண்களுக்குப் பெயர்ட் டெஸ்ட் போட்டால் 0.003! ஏன் என்றால், சிலருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் நன்றாகத் தூக்கம் கூடுகிறது, சிலருக்கு எதற்குமே அவ்வளவாகக் கூடவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள அந்த ஏற்ற இறக்கத்தில் மருந்தின் வித்தியாசம் மறைந்துபோகிறது. ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது அது வெளியே வருகிறது: பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்தில்தான் கூடுதல் தூக்கம், மீதி ஒருவருக்கு இரண்டிலும் ஒரே அளவு. எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. தரவு எப்படிச் சேர்ந்தது என்பதுதான் டெஸ்டைத் தீர்மானிக்கிறது. சாப்ட்வேருக்கு அது தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்.

அப்புறம், 'நார்மலா இருக்கா' (எண்கள் சராசரியின் இரு பக்கமும் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா) என்று முன் அளவையும் பின் அளவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டாம் என்று சொல். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சாம்பிள் சின்னதாக இருந்து அது மிகவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், எண்களுக்குப் பதில் அவற்றின் வரிசையை வைத்துப் பார்க்கும் வில்காக்சன் டெஸ்ட் போடலாம்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று முன்பும் பின்பும் ஆம்-இல்லை கேட்கப் போகிறாள் அல்லவா? அங்கேதான் முக்கால்வாசிப் பேர் பழக்கத்தில் கை-ஸ்கொயர் டெஸ்ட் போடுகிறார்கள். அது தனித்தனி ஆட்களுக்கானது. ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டால் மெக்நெமர் டெஸ்ட். பதில் மாறியவர்களை மட்டும் எடுத்து, எந்தப் பக்கம் அதிகம் மாறினார்கள் என்று பார்க்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஒப்பிட இன்னொரு குழு இல்லை. சர்க்கரை ரொம்ப ஏறியவர்களாகப் பார்த்துச் சேர்த்தால், அப்போது தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதில் இருப்பார்கள்; ஆலோசனையே கொடுக்காவிட்டாலும் அடுத்த முறை சராசரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எந்த டெஸ்டும் இதைச் சரிசெய்யாது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும் ஒரு குழுவையும் சேர்க்க முடியுமா என்று கைடிடம் இப்போதே கேட்கச் சொல். அப்படிச் சேர்த்தால் டெஸ்ட்டும் மாறும், அப்போது நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

இன்னொன்று. எக்செலில் ஒரு நோயாளிக்கு ஒரு வரி, முன் அளவும் பின் அளவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். நோயாளி எண்ணை எழுதாமல் விட்டால் யாருக்கு யார் ஜோடி என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் அந்தத் தாளை எனக்கு அனுப்பச் சொல். உன் மனைவிக்கு எங்கள் அன்பு.

உன்,
பழைய ரூம்மேட்