பொருள்: படங்களை வெட்டும் உங்கள் சதுரக் கட்டமும், பார்வையாளரைத் தொலைக்கும் மெனுவும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. முதல் ஆறுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது." யார் பதிவு செய்தார், யார் படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதையாவது நீங்களே படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

பதினாறு ஆண்டுகளாக மனிதர்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். என் படங்களுக்கான இணையதளத்துக்காக உங்களிடம் ஓராண்டுச் சந்தா கட்டி, நீங்கள் தரும் ஆயத்த வடிவமைப்புகளில் மூன்றாவது டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், 'புகைப்படக் கலைஞர்களுக்காகவே உருவாக்கப்பட்டது' என்று அதன் கீழே நீங்கள் எழுதியிருந்ததுதான். அதை நம்பினேன்.

அந்த டெம்ப்ளேட் எல்லாப் படங்களையும் சதுரமாக வெட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. என் கேமரா 3:2 விகிதத்தில் படம் தருகிறது. நெட்டுவாக்கில் எடுத்தால் அது 2:3. அதைச் சதுரமாக்கினால் படத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலே ஆறில் ஒரு பங்கு, கீழே ஆறில் ஒரு பங்கு. மனிதர்களைப் படம் எடுத்தால் முகம் எங்கே இருக்கும்? மேலேதான் இருக்கும்.

ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். பாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பின்னால் முக்காலியின் மேல் ஏறி நிற்கும் பேத்தி, பாட்டியின் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, அவர் உச்சந்தலையில் தன் தாடையை வைத்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்காக அரைமணி நேரம் காத்திருந்தேன். உங்கள் கட்டத்தில் பாட்டியின் முகம் இருந்தது, கழுத்தைச் சுற்றிய இரண்டு சிறு கைகள் இருந்தன, அந்தக் கைகளுக்கு உரியவள் இல்லை. தளம் திறந்த அன்றே குழந்தையின் தாய் தொலைபேசியில் அழைத்து, "என் பெண்ணை ஏன் வெட்டிவிட்டீர்கள்?" என்று கேட்டார். வெட்டியது நானல்ல என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

உடனே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் பேசிய பிரதிநிதி சொன்னதை எழுத்து மாறாமல் தருகிறேன்: "சார், இப்போது எல்லாரும் சதுரமாகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் படம் எடுக்கும்போதே கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துவிட்டால் பிரச்சினையே வராதே." பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். எவ்வளவு தள்ளி நிற்பது, எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்வதுதான் என் தொழில். அதில் எனக்குப் பாடம் நடத்த அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

வரிசைக்கு ஒரே உயரம் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் அகலத்தை விட்டுவிட்டால் ஒரு படத்தையும் வெட்ட வேண்டியதில்லை. இதை ஆறு கடிதங்களிலும் எழுதினேன். நீங்கள் செய்தது என்ன? என்னைக் கேட்காமலே ஒருநாள் இரவில் தளத்தை மூன்று பத்தி அடுக்கு முறைக்கு, அதாவது படங்களை மூன்று நெடுவரிசைகளில் அடுக்கும் முறைக்கு மாற்றிவிட்டீர்கள். வெட்டு நின்றது, வரிசை குலைந்தது. ஒரு தச்சர் நாற்காலி செய்வதை 12 படங்களாக எடுத்திருந்தேன். உங்கள் அடுக்கு ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாக நிரப்புகிறது. பார்ப்பவர் கண்ணோ இடமிருந்து வலமாகப் போகிறது. அதனால் முதல் படமான மரப்பலகைக்குப் பக்கத்தில் கால்கள் பொருத்திய ஐந்தாவது படம், அதற்குப் பக்கத்தில் மெருகு பூசும் ஒன்பதாவது படம். கதை என்று ஒன்று மிச்சமில்லை. புகார் செய்ததும் பழையபடி சதுரத்துக்கே திருப்பிவிட்டீர்கள்.

இனி மெனு. அகலமான கணினித் திரையிலும் அதை மூன்று கோடு போட்ட குறிக்குப் பின்னால் எதற்கு ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? தொடர்பு விவரமோ பக்கத்தின் அடியில் இருக்கிறது. அந்த அடியை யாரும் எட்ட முடியாது. நெருங்க நெருங்க மேலும் இருபது படங்கள் இறங்கி அதைக் கீழே தள்ளிவிடுகின்றன. என்னை வேலைக்கு அழைக்க விரும்பிய ஒருவர் தளத்தில் தேடி அலுத்துப்போய், வேறொருவரிடம் என் எண்ணை வாங்கிப் பேசினார். அப்படித் தேடாமல் போனவர்கள் எத்தனை பேர்? இந்த ஆண்டு என் தொழிலே அடியோடு சரிந்துவிட்டது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அறுபதாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 'பேக்' பொத்தானை அழுத்தினால், மறுபடி முதல் படத்தில் கொண்டுபோய் விடுகிறது. படத்தின் தலைப்பு மவுஸை மேலே கொண்டுபோனால்தான் தெரிகிறது. செல்போனில் மவுஸுக்கு எங்கே போவது? படத்தை மூடும் குறி கட்டைவிரலுக்கு அகப்படுவதில்லை. தொடும் இடம் பொதுவாகக் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று, எல்லாரும் தளத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு 2023இலேயே சொல்லிவிட்டது. தானாக ஓடத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் படக்காட்சியை நிறுத்த வழி வேண்டும் என்றும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. உங்கள் டெம்ப்ளேட்டின் முகப்புப் பக்கத்தில் நிறுத்தும் பொத்தானே கிடையாது. இதெல்லாம் தெரியாமலா இணையதளம் விற்கிறீர்கள்?

உங்கள் அலுவலகத்துக்கு வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். நேரம் குறித்துக் கொடுத்தவர்கள் உங்கள் ஆட்கள்தான். லேப்டாப்போடு, அந்தப் பாட்டி பேத்தி படத்தை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு, எந்த இடம் போயிற்று என்று பென்சிலால் கோடு போட்டுச் சுருட்டி எடுத்து வந்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம் உட்காரவைத்தார்கள். பிறகு வந்த இளைஞர் சுருளை விரிக்கக்கூட விடவில்லை. "இங்கே எதுவும் பார்ப்பதில்லை, ஆன்லைனில் டிக்கெட் போடுங்கள்" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அதே நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் டிக்கெட் போட்டேன், அதாவது புகாரைப் பதிந்தேன். பதிவு செய்யப்பட்டது என்ற பதில் அங்கேயே வந்தது. என் ஒருநாள் வேலை போயிற்று. ஆனாலும் அந்த இளைஞர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. தொலைபேசியில் ஒருவர் தள்ளி நின்று எடுக்கச் சொன்னாரே, அந்தக் குரல்தான் கேமராவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் காதில் கேட்கிறது. அவர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பணிவாகவே கேட்கிறேன். வெட்டுவதை நிறுத்துங்கள். மெனுவைத் திரையின் மேலே, படங்கள், தொடர்கள், என்னைப் பற்றி, தொடர்பு என்று நான்கு சொற்களாகத் திறந்து வையுங்கள். முடிவில்லாமல் படம் இறங்குவதற்குப் பதிலாக 'மேலும் காட்டு' என்று ஒரு பொத்தான் போதும். 'பேக்' அழுத்தினால் பார்த்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இவற்றை முடியாது என்பீர்களானால் முழுச் சந்தாவையும் திருப்பித் தந்துவிடுங்கள். இன்றிலிருந்து பத்து நாள் பார்ப்பேன். அதற்குள் ஒரு மனிதரிடமிருந்து பதில் வராவிட்டால், ஏழு கடிதங்களையும் டிக்கெட் எண்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். எனக்குத் தெரிந்த புகைப்படக் கலைஞர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன்.

உங்கள் நேரத்துக்கு நன்றி. அந்தப் படத்தை வெட்டாமல் இத்துடன் இணைத்திருக்கிறேன். பேத்தியின் முகம் மேலே இருக்கிறது, பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்