பின்னூட்டங்களுக்கு யார் பதில் சொல்வது?

தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

ஒரு தொண்டு நிறுவனத்தின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களை ஆறு ஆண்டுகள் தன்னார்வலராகக் கவனித்துவந்தவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பள்ளி ஒன்றில் மாணவியருக்காக நாங்கள் கட்டிக்கொடுத்த கழிப்பறையின் திறப்பு விழாப் படத்தை ஒருநாள் பதிவேற்றினோம். விருப்பக்குறிகள் குவிந்தன. வாழ்த்துகளுக்கு நடுவே, "அக்கா, நடுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பத்தொன்பது நாள் அதை எங்களில் எவரும் பார்க்கவில்லை. அதற்குள் அந்தப் படத்தை எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கு நன்கொடையாளர்களுக்கான அறிக்கையில் ஏறிவிட்டது. அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். தாழ்ப்பாள் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை என்பதை நினைக்கையில் இன்றும் மனம் கூசுகிறது.

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை நீங்கள் அறிவீர்கள்; நம் பதிவுகளின் ஓரத்தில் அவற்றின் வண்ணச் சின்னங்களைத் தவறாமல் ஒட்டிவருகிறோம். அவற்றின் கீழ் வரும் 169 உள்இலக்குகளில் 6.2 என்பது, சுகாதார வசதி அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதோடு பெண்கள், சிறுமியரின் தேவைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றும் சொல்கிறது. 16.7 என்பது, முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் மக்களுக்குப் பங்கும் பதிலும் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த மாணவியின் ஒருவரிப் பின்னூட்டம் இவ்விரண்டையும் ஒருசேர நம்மிடம் கேட்டது. சமூக ஊடகத்தை அறிவிப்புப் பலகையாக மட்டுமே வைத்திருந்ததால் அந்தக் கேள்வி நம் காதில் விழவில்லை.

கேட்பதற்காகவே இக்கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப் 2011-இல் உகாண்டாவில் தொடங்கிய யு-ரிப்போர்ட் என்ற திட்டம், இளைஞர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியில் கேள்வி அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்துப் பொதுவில் வைத்தது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவி, சமூக ஊடகச் செயலிகள் வழியாகவும் இயங்கத் தொடங்கியது. 2010-இல் ஹைட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் தெருக்களை, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். "பகிருங்கள்" என்பதற்கு மேல், ஒருவர் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய திட்டவட்டமான வேலை ஒன்று அங்கே இருந்தது.

அப்படிப்பட்ட வேலை போதிய அளவில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். சிறுவர்களைக் கடத்திப் படையில் சேர்த்த உகாண்டா ஆயுதக் குழுத் தலைவர் ஜோசப் கோனியைப் பற்றி 2012-இல் வெளிவந்த காணொளியை ஒரு வாரத்துக்குள் பத்துக் கோடி முறை பார்த்தார்கள். அந்த ஆண்டுக்குள் அவரைப் பிடித்துவிட வேண்டும் என்ற அதன் நோக்கம் நிறைவேறவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வெற்றியாகக் கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தம்பி, நல்லதா ஒரு போஸ்டர் போட்டுக் கொடுப்பா" என்பதோடு பெரும்பாலான நிறுவனங்களில் அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது. பக்கத்தை நடத்துகிற பிள்ளைக்கு, வந்த புகாரைக் களப்பணியாளரிடம் நேரடியாகக் கொண்டுசெல்லவும், "இன்ன நாளுக்குள் சரிசெய்கிறோம்" என்று பெயர் போட்டுப் பதில் எழுதவும், செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று சொல்லவும் அதிகாரம் வேண்டும். அதிகாரம் இல்லாமல் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்தால், அந்தப் பிள்ளை எல்லாப் புகாருக்கும் கைகூப்பும் சின்னத்தைப் போட்டுவிட்டு நகர்வதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

உதவி பெறுகிற குழந்தைகளின் முகங்களைப் பதிவேற்றும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். இலவசப் புத்தகப்பையை வாங்கும் படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் மறுநாள் அந்தக் குழந்தை எப்படிப் பள்ளிக்குப் போகும் என்று நாம் யோசிப்பதில்லை. பெற்றோர் போட்ட கையெழுத்து ஒன்றே சம்மதம் ஆகிவிடாது; உதவி கொடுப்பவர் நீட்டும் தாளில் மறுப்பு எழுத யாருக்கும் துணிவு வராது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அப்போது சுமார் 260 கோடி பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். நாம் யாருக்காக உழைக்கிறோமோ அவர்களில் பலர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அவர்களுடைய குறையை நேரில் கேட்டு எழுதிவந்து, பதிலை மீண்டும் அவர்களிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை இளைஞர்களிடம் ஒப்படைக்கலாம். அதற்கான பயணச் செலவையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், விருப்பக்குறிகளின் கணக்குக்கு முன்பாக, கடந்த மாதம் பதில் கிடைக்காமல் நின்றுபோன பின்னூட்டங்களை முதல் பொருளாக வையுங்கள். பக்கத்தை நடத்தும் இளைஞரையே அவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எந்த நாளுக்குள் பதில் தருவார் என்பதை அவர் எதிரிலேயே குறிப்பேட்டில் பதியுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தன்னார்வலர் ஒருத்தி