ஏழாவது படத்தைப் பற்றி, மலருக்கு

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய பன்னிரண்டு பூச்சிப் படங்களையும் நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். இனிமேல் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடுகிறது. தட்டானின் சிறகு நரம்பெல்லாம் கரைந்துபோய் வந்து சேருகிறது.

பெங்களூரில் வேலைக்கு நடுவே, ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டு ஏரிக்கரைக்குப் போய் இதை எடுத்திருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஸ்டுடியோவை மூடிய பிறகு கொல்லையில் உட்கார்ந்து நானும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

பன்னிரண்டில் ஒன்பது படங்கள் நின்றபடி குனிந்து எடுத்தவை. ஸ்டுடியோவில் குழந்தையைப் படம் எடுக்கும்போது நான் தரையில் படுத்துவிடுவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். பூச்சிக்கும் அதேதான். அதன் கண்ணும் உன் லென்சும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை இறங்கு. முழங்காலுக்கு ஒரு பழைய கோணிப்பை கொண்டுபோ. உன் மூன்றாவது படத்தில் குதிக்கும் சிலந்தி நேராக நம்மைப் பார்க்கிறதே, அதை நீ இறங்கித்தான் எடுத்திருக்கிறாய். அதன் பின்னால் வேறு எதுவுமே தெரியவில்லை, வெறும் மங்கலான பச்சை. (எட்டுக்கால் என்பதால் அது பூச்சிக் கணக்கில் வராது, இருந்தாலும் உன் படங்களில் அதுதான் எனக்குப் பிடித்தது.)

இறங்கினால் பின்னணியும் மாறும். மேலிருந்து எடுத்தால், பூச்சி உட்கார்ந்திருக்கிற இலையே பின்னணி. இலையின் நரம்பு, ஓட்டை, காய்ந்த ஓரம் எல்லாம் பூச்சியோடு போட்டி போடும். பக்கவாட்டில் பார்த்தால் பின்னால் இருப்பது நான்கடி தள்ளி இருக்கிற புதர். அது தானாகக் கரைந்துவிடும். இவ்வளவு நெருக்கத்தில் கேமராவை நான்கு விரற்கடை நகர்த்தினாலே போதும், பின்னால் குறுக்கே ஓடுகிற வெள்ளைக் குச்சி மறைந்துவிடும். பூச்சியைக் கண்டதும் அவசரமாக ஒரு படம் எடுத்துவிடு, மனது அடங்கட்டும். அப்புறம் பூச்சியை மறந்து அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

தட்டான் படத்தில் வால் தெளிவாக இருக்கிறது, கண் மங்கிவிட்டது. லென்ஸ் மோசம் என்று எழுதியிருந்தாய். லென்ஸ்மேல் குற்றமில்லை. பூச்சியின் உண்மை அளவே சென்சாரில் விழுகிற நெருக்கத்தில், லென்ஸ் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். தட்டான் முழுதாக வர நீ கொஞ்சம் தள்ளியிருந்திருப்பாய். அப்போதும் சில மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்காது. அதைக் கண்ணுக்குக் கொடு. கண் தெளிவாக இருந்தால் வால் மங்கியதை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டும் வேண்டுமென்றால், தட்டானின் உடம்பு முழுவதும் லென்சுக்குச் சரிசமமாக இருக்கிற மாதிரி பக்கவாட்டில் போய் நில். எஃப் 22க்குப் போகாதே. துளை சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறிப் படம் முழுவதுமே மொழுக்கென்று ஆகிவிடும். காற்றில்லாத விடியற்காலையில், குளிரில் பூச்சி அசையாமல் இருக்கும்போது ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, தெளிவான பகுதிகள் சேர்கிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கலாம். அது அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

ஃப்ளாஷ் வெளிச்சம் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் விவரமே இல்லை, எடிட்டிங்கில் எதுவும் செய்ய முடியாது. ஃப்ளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டு. எவ்வளவு அகலமாக, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக விழும். பகலில் எடுத்த படம் ராத்திரி மாதிரி கறுத்திருப்பதும் ஃப்ளாஷால்தான். அதன் வெளிச்சம் புதர்வரை எட்டாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 800க்கு ஏற்றி, ஷட்டரை 1/100 நொடிக்கு இறக்கினால் பின்னால் இருக்கிற பச்சையும் வரும்.

இனி எடிட்டிங். பெரிதுபண்ணும் மேசையில் படத்தை எங்கே வெட்டுவது என்று பார்க்க 'ட' மாதிரி இரண்டு அட்டை வைத்திருப்பேன். இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள். கம்ப்யூட்டர் திரைமேலும் வைத்துப் பார்க்கலாம், கை தானாகச் சரியான இடத்தில் நிற்கும். பூச்சி பார்க்கிற பக்கம் இடம் விடு. உணர்கொம்பின் நுனியை வெட்டாதே. வெட்டியே ஆக வேண்டுமானால் துணிந்து தலையளவுக்கு நெருங்கி வெட்டு. ஆனால் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்: உன் கேமராவின் 24 மெகாபிக்சலில் நீளத்திலும் அகலத்திலும் பாதி வெட்டினால் மிஞ்சுவது 6தான்.

பச்சையை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறாய். இலையில் பட்டு வருகிற வெளிச்சம் ஏற்கெனவே பூச்சியின் வயிற்றில் பச்சையைப் பூசியிருக்கும். முதலில் ஒயிட் பேலன்சைச் சரிசெய், பிறகு வண்ணத்துக்கு வா. ஷார்ப்பனிங்கைப் படம் முழுவதும் தடவியதால் மங்கலான பின்னணியில் மணல் தூவினாற்போல் புள்ளிகள். லைட்ரூம் மென்பொருளில் ஷார்ப்பனிங்கோடு இருக்கிற மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்தியபடி இழு. வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் மட்டும்தான் கூர்மை ஏறும். கண்ணும் ரோமமும் வெள்ளையாக நின்று மற்றதெல்லாம் கறுத்ததும் நிறுத்திவிடு.

இப்போது ஏழாவது படம். உண்ணிப்பூவில் அந்தக் கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் பொட்டு. எடிட் பண்ணுவதற்கு முன்னால் இருந்ததையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். அதில் ஒரு பின்சிறகின் வால் இல்லை, முக்கோணமாகப் பிய்ந்திருக்கிறது. நீ மறுபக்கத்துச் சிறகை நகலெடுத்து ஒட்டி முழுசாக்கியிருக்கிறாய். வேலை சுத்தம், ஒட்டு தெரியவே இல்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஸ்டுடியோ வைத்த புதிதில், இறந்துபோன ஒருவரின் சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அவர் மனைவி வந்தார். நெற்றியில் குறுக்கே ஒரு தழும்பு. நெகடிவில் பென்சிலால் மெல்லத் தீட்டி அதை நிரப்பிவிட்டேன். அந்த அம்மாள் படத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "இது அவர் தம்பி மாதிரி இருக்கு" என்றார். ராத்திரியே பென்சிலைத் துடைத்து வேறு பிரிண்ட் போட்டேன்.

அந்த முக்கோணப் பிய்ச்சல் பெரும்பாலும் பறவை கொத்திய இடமாக இருக்கும். கொத்து வாங்கியும் தப்பித்து, மறுபடி பூவுக்கு வந்த பூச்சியை நீ பார்த்திருக்கிறாய். லென்ஸ் தூசியை எடு, ஓரத்தில் நீட்டுகிற புல்லைக்கூட எடு. சிறகை அப்படியே விட்டுவிடு. பிய்ந்த பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிப் பார். அசலை டாக்குமென்டாக எனக்கு மறுபடி அனுப்பு, நானும் ஒரு தடவை செய்து பார்க்கிறேன்.

கொல்லைக் கறிவேப்பிலையில் அதே வகைப் புழு நான்கு இருக்கிறது. இரண்டு இன்னும் பறவை எச்சம் மாதிரி, இரண்டு பச்சையாகிவிட்டது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டுகிறது. நீ வருகிறவரை அந்தக் கிளையில் கை வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ரசத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்கிறாள்.

அன்புடன்,
அப்பா